கந்தகம் சேர்க்காத மோர்கொன்: மண்ணின் சுவை என்பது உண்மைதானா?

கேள்வி: 4 பிப்ரவரி 2024, காலை 11.20

அலுவல் காரணமாக லியோன் சென்றிருந்தபோது, உடன் பணிபுரியும் பிரெஞ்சு நண்பர் ஒருவர் ஒரு புட்டி மோர்கொன் சிவப்பு ஒயினை அன்பளிப்பாகத் தந்தார். சிறு குடும்பம் ஒன்று தயாரித்தது, கந்தகம் சேர்க்காத இயற்கை ஒயின், அந்த மண்ணின் சுவையை அப்படியே குடிக்கலாம் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஒயின் சற்றுக் கலங்கலாக இருந்தது. முதல் நாள் பழச்சாறு போல நன்றாகவே இருந்தது. மூடிவைத்து மறுநாள் குடித்தால், விழுங்கிய பிறகு எலிப் புழுக்கையின் வாடை வாயில் நிற்கிறது. என் முடிவு இதுதான்: மண்ணின் சுவை என்று அவர் சொன்ன "தெருவார்" என்பது விலையை ஏற்றுவதற்கான ஒரு சொல், "இயற்கை ஒயின்" என்பது கெட்டுப்போன ஒயினுக்கு வைத்த கௌரவமான பெயர். மறுக்க யாரேனும் உண்டா?

4 பிப்ரவரி 2024, இரவு 10.05

பாதியை மறுக்கிறேன். எந்தப் பாதி என்று இப்போதே சொன்னால் தவறாகச் சொல்லிவிடுவேன் என்பதால் எழுதிக்கொண்டே போகிறேன்.

நான் பிறந்தது காரைக்கால். 14 ஆண்டுகளாக இருப்பது லியோனுக்கு வடக்கே உள்ள வில்பிரான்ஷ்-சுர்-சோன். இங்கிருந்து வடக்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் வில்லியே-மோர்கொன் வந்துவிடும். அங்கே எட்டு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அறுவடைக் கூலியாக வேலை செய்தேன். அவர்களுடைய பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஒயின் ஒன்றைப் பற்றிப் பின்னால் குறை சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் அந்தச் சொல். தமிழில் "தெருவார்" என்று எழுதினால் தெருக்காரர்கள் பஞ்சாயத்துக்கு வருவது போல ஒலிக்கிறது. பிரெஞ்சில் அது மண், அடிப்பாறை, சரிவு, வெயில் விழும் திசை, மழை, அங்கே தலைமுறைகளாகப் படிந்த கைப்பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. "மண்வாசனை" என்று மொழிபெயர்ப்பவர்கள் மூட்டையிலிருந்து ஒரு பொருளை மட்டும் உருவி எடுக்கிறார்கள். "நிலத்தியல்பு" என்ற பழைய சொல் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

விலையை ஏற்றுவதற்காக வந்த சொல்லா என்று கேட்டால், மோர்கொன் அடங்கிய இந்தப் போஜொலே வட்டாரத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. போஜொலேயின் சிவப்பு ஒயின் ஏறத்தாழ முழுவதும் கமே என்ற ஒரே திராட்சையிலிருந்து வருகிறது. 1395ஆம் ஆண்டு வடக்கே உள்ள புர்கோஞ்சின் (பர்கண்டி) கோமகன் பிலிப், கமேயைத் தரங்கெட்ட, நேர்மையற்ற கொடி என்று வைது, தன் ஆட்சிப்பகுதியிலிருந்து பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். புர்கோஞ்சின் சுண்ணாம்புக் களிமண்ணில் அது அளவுக்கு மீறிக் காய்த்து நீர்த்த ஒயினைத் தந்தது. அதே கொடி தெற்கே, சத்துக் குறைந்த கருங்கல் மணலில், குறைவாகக் காய்த்து நிறமும் மணமும் உள்ள ஒயினைத் தருகிறது. திராட்சை மாறாமல் நிலம் மட்டும் மாறியதால் விளைவு மாறிய இந்தக் கதையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. போஜொலேயின் தெற்குப் பகுதியில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், வடக்கே கருங்கல். தன் பெயரிலேயே ஒயினை விற்கும் உரிமை பெற்ற பத்து ஊர்ப் பகுதிகளும் வடக்கில்தான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான மோர்கொனுக்கு அந்த உரிமை 1936இல் கிடைத்தது.

5 பிப்ரவரி 2024, காலை 7.15

நேற்று மோர்கொன் முழுவதும் கருங்கல் என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன், தவறு. மோர்கொனின் புகழ்பெற்ற குன்றான கோத் து பீயில் இருப்பது கருங்கல் அல்ல. பழைய எரிமலைப் பாறை உருமாறி உண்டான, நீலம் பாய்ந்த கல் அது. உடைந்து உதிரும் தன்மையால் உள்ளூர்க்காரர்கள் அதை "அழுகிய பாறை" என்பார்கள். கருங்கல் மணல் வேண்டுமென்றால் அதே ஊரின் கோர்சலெத் பகுதிக்குப் போகவேண்டும். நான் திராட்சை அறுத்த குடும்பத்துக்கு இரண்டு இடங்களிலும் நிலம் இருப்பதால் இந்த வேறுபாடு இனி எழுதப்போவதற்கு முக்கியமானது.

7 பிப்ரவரி 2024, இரவு 9.30

கந்தகத்துக்கு வருகிறேன்.

காரைக்கால் பக்கம் பனை ஏறுபவர்களிடம் பதநீர் குடித்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் விடியற்காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதுவே கள். ஈஸ்டை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. அது காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் இருக்கிறது. ஒயினுக்குக் கந்தகம் ஏறத்தாழ அந்தச் சுண்ணாம்பின் இடத்தில் நிற்கிறது. வேண்டாத நுண்ணுயிர்களை அடக்குகிறது, காற்று பட்டு ஒயின் பழுப்பேறுவதைத் தடுக்கிறது. பெரிய ஆலைகள் திராட்சையைத் தொட்டியில் கொட்டிய உடனே கந்தகம் சேர்த்து, அங்கிருந்த உயிர்களை ஒடுக்கி, பாக்கெட்டில் வாங்கிய ஈஸ்டைத் தூவும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவையை விற்கவேண்டிய நிறுவனத்துக்கு அது அறிவுள்ள வழியே. ஒரு காலத்தில் போஜொலேயின் இளம் ஒயின்களில் வாழைப்பழ வாடை அடித்ததற்கு அப்படித் தேர்ந்தெடுத்த ஈஸ்டுக்கும் பங்குண்டு. வாழைப்பழம் வேண்டுமானால் நான் வாழைப்பழம் வாங்கிக்கொள்வேன்.

இந்த வழக்கத்தை எதிர்த்தவர் பழைமைவாதி அல்லர் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. ஜூல் ஷோவே (1907-1989) ஒயின் வணிகர், அதோடு வேதியியலாளர், நுண்ணோக்கியும் குறிப்பேடுமாக ஈஸ்டை ஆராய்ந்தவர். கந்தகம் இல்லாமல் ஒயின் செய்யலாம் என்று அவர் சொன்னது கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்ற பொருளில் அன்று. அழுகாத திராட்சை, குளிர்ச்சி, தொட்டியின் துப்புரவு, இடைவிடாத கண்காணிப்பு ஆகிய எல்லாம் இருந்தால்தான் கந்தகத்தைக் கைவிடமுடியும் என்பது அவருடைய வழி. மோர்கொனில் தந்தையின் தோட்டத்தை 1973இல் ஏற்ற மர்செல் லபியர், எண்பதுகளின் தொடக்கத்தில் ஷோவேயைச் சந்தித்து இந்த வழிக்கு வந்தார். ழான் ஃபொய்யார், ழான்-போல் தெவனே, கீ பிரெத்தோன் ஆகிய அண்டை வீட்டு விவசாயிகள் அவரோடு சேர, கெர்மிட் லிஞ்ச் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவர்களுக்கு "நால்வர் கும்பல்" என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு நாட்டில் இயற்கை ஒயின் என்று இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி இந்தச் சிறு ஊரின் நாலைந்து களஞ்சியங்களிலிருந்து கிளம்பியது. லபியர் 2010 அக்டோபரில் மறைந்தார். தோட்டத்தைப் பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இனி நான் கண்ணால் கண்டது. 2021இல் ஏப்ரல் உறைபனி பல தளிர்களைக் கருக்கிவிட்டிருந்தது. கோடையில் ஓயாத மழை. செப்டம்பரில் நாங்கள் அறுக்கப் போனபோது, வரிசைக்கு ஒரு வாளி நல்ல குலைகளுக்கு, ஒரு வாளி குப்பைக்கு. இந்த ஊர்ப் பழைய கொடிகள் பந்தலில் ஏறாமல் முழங்கால் உயரத்தில் கோப்பை வடிவில் நிற்கும். நாள் முழுவதும் குனிந்தே இருக்கவேண்டும். வீட்டு மூத்தவர் எங்களுக்குச் சொன்ன விதி ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் குலையை மோந்து பார், புளித்த காடி வாடை அடித்தால் எறி. மூன்றாம் நாள் மாலை என் மூக்கு எதை மோந்தாலும் காடியாகவே காட்டியது. குப்பை வாளி நிறைந்ததற்காக அவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. நல்ல வாளியில் ஓர் அழுகல் கிடந்தபோது சுளித்தார்.

அறுத்த குலைகளை ஓர் இரவு குளிர்ந்த அறையில் வைத்து, காம்பைக்கூட நீக்காமல் முழுக் குலைகளாகவே தொட்டியில் இறக்குவார்கள். அடியில் உள்ளவை மேலுள்ள பாரத்தால் நசுங்கிச் சாறு விட, அந்தச் சாறு நொதித்துக் கரியமில வாயு கிளம்பி மேலுள்ள குலைகளை மூடிக்கொள்ளும். காற்றில்லாத அந்தச் சூழலில் முழுப் பழத்துக்குள்ளேயே, ஈஸ்டின் உதவியில்லாமல், சர்க்கரையில் சிறு பகுதி சாராயமாக மாறும். பழத்தின் புளிப்பும் ஓரளவு தணியும். இரண்டு விழுக்காட்டு அளவை எட்டும்போது பழம் தளர்ந்து வெடிக்க, மற்றதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். எனவேதான் இங்கே இன்றும் கையால் அறுக்கிறார்கள். இயந்திரம் குலையைக் குலையாக விட்டுவைக்காது.

இரண்டு வாரம் கழித்துத் தொட்டியைத் திறந்து பிழியும்போது முதலில் வடியும் இனிப்பான, பாதி நொதித்த சாற்றுக்கு இங்கே "பரதீ" என்று பெயர். நம் வேதக்காரர்கள் சொல்லும் பரதீசு அதுதான். இரண்டு குவளை குடித்தேன்.

7 பிப்ரவரி 2024, இரவு 11.50

மூன்று குவளை.

11 பிப்ரவரி 2024, மாலை 5.00

"கந்தகம்தான் தலைவலிக்குக் காரணம், ஆகவே இயற்கை ஒயின் உடலுக்கு நல்லது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை எதிர்த்து எழுதாமல் இருக்கமுடியவில்லை.

ஐரோப்பியச் சட்டப்படி சர்க்கரை எஞ்சாத சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட்டு, அதாவது ஒயினில் கரைந்த கந்தகச் சேர்மம், இருக்கலாம், வெள்ளையில் 200. அங்கக (ஆர்கானிக்) ஒயின் என்று முத்திரை பெற்றால் சிவப்புக்கு 100, வெள்ளைக்கு 150. 2020இல் பிரெஞ்சு அரசு அமைப்புகள் ஏற்றுக்கொண்ட "இயற்கை முறை ஒயின்" சாசனத்தின்படி 30 மட்டுமே. அந்தச் சாசனத்தில் அங்கக விளைச்சல், கையால் அறுவடை, வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமை, வடிகட்டாமை ஆகியவையும் உண்டு. ஆனால், ஒரு துளிகூடக் கந்தகம் சேர்க்காத ஒயினிலும் சல்ஃபைட்டு சுழியமாக இருப்பதில்லை. ஈஸ்டே நொதித்தலின்போது சிறிதளவு உண்டாக்குகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் "சல்ஃபைட்டு உள்ளது" என்று அட்டையில் அச்சிட்டாகவேண்டும். ஆகவே "சேர்க்கப்படாதது" என்பதும் "இல்லாதது" என்பதும் வேறு வேறு. நானும் "கந்தகம் இல்லாமல்" என்று மேலே எழுதிவிட்டேன்; "கந்தகம் சேர்க்காமல்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

தலைவலிக்கு வருவோம். பொன்னிறம் மாறாமல் இருப்பதற்காகக் கந்தகப் புகை காட்டிய உலர்ந்த சர்க்கரைப் பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தில் ஒரு கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதைக் கைநிறையத் தின்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை. சல்ஃபைட்டு சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மெய்யாகவே தொல்லை தரும். அவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மற்றவர்களுடைய தலைவலிக்கு முதலில் விசாரிக்கப்படவேண்டியது ஒயினில் உள்ள 13 விழுக்காட்டுச் சாராயம். அது இயற்கை ஒயினிலும் இருக்கிறது.

18 பிப்ரவரி 2024, பிற்பகல் 3.40

கேள்வி கேட்டவருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடை இது. உங்கள் புட்டியில் வந்தது எலிதான். உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. இங்கே இதன் பெயரே "சுண்டெலிச் சுவை". கந்தகக் காவல் குறைந்த ஒயினில் சில லாக்டிக் பாக்டீரியாக்களும் பிரெத்தனோமைசெஸ் என்ற ஈஸ்டும் உண்டாக்கும் சேர்மங்களால் வருவது. இதன் வேடிக்கை என்னவென்றால் கோப்பையை மோந்து பார்த்தால் தெரியாது. ஒயினின் புளிப்பு அந்தச் சேர்மங்களை ஆவியாகவிடாமல் கட்டிவைத்திருக்கிறது. விழுங்கிய பிறகு எச்சில் அந்தப் புளிப்பைத் தணிக்கும்போதுதான் வாடை எழுகிறது. அதனால்தான் சில நொடிகள் கழித்து, திருடன் போன பிறகு நாய் குரைப்பது போல, பின்தொடர்ந்து வருகிறது. சிலருக்கு இது தெரிவதே இல்லை. நண்பர் புகழ்ந்துகொண்டே குடித்திருந்தால் அவரைக் குற்றம் சொல்லவேண்டாம். வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு: கோப்பையில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போட்டுக் கலக்கி மோந்து பாருங்கள். சோடா புளிப்பைக் கொல்லும், எலி வெளியே வரும். அந்தக் கோப்பையைப் பிறகு குடிக்கவேண்டாம்.

என் கதையும் இதுதான். 2022 கடும் வெயில் ஆண்டு. பழத்தில் சர்க்கரை மிகுந்து புளிப்பு குறைந்தது. புளிப்பு குறைந்தால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். அந்த ஆண்டின் கோத் து பீ ஒயினில் ஒரு பகுதியைக் கந்தகம் துளியும் சேர்க்காமல் அந்தக் குடும்பம் புட்டியில் அடைத்தது. என் கையால் அறுத்த திராட்சை என்ற பெருமையில் 12 புட்டிகள் வாங்கி, பாரிசிலிருந்து வந்த என் மைத்துனர் குடும்பத்துக்கு விருந்தில் ஊற்றினேன். நிலத்தியல்பு, அழுகிய பாறை, ஷோவே என்று அரை மணி நேரம் பேசினேன். (உங்கள் லியோன் நண்பர் நானாகவே இருந்திருக்கலாம்.) மைத்துனர் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எங்க வீட்டு நெல்லுக் குதிர்ல எலி செத்துக் கெடந்தப்ப வந்த வாடை இது" என்றார். அவரை மறுத்துப் பேசினேன். இரண்டாம் வாய் விழுங்கிய பிறகு நிறுத்தினேன்.

இங்கிருந்துதான் என் கருத்து மாறத் தொடங்கியது. கோர்சலெத்திலிருந்து வந்த ஒயினும் கோத் து பீயிலிருந்து வந்த ஒயினும் என் வாயில் வேறு வேறானவை: முன்னது மணலைப் போல இளகி மல்லாந்து கிடக்கும்; பின்னது இறுகி, துவர்த்து, கறுத்த செர்ரி வாசத்தோடு தாமதமாகத் திறக்கும். அட்டையை மறைத்துவைத்து என் மகள் ஊற்றித் தந்தபோது ஆறில் ஐந்து முறை சரியாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால், எலி ஏறிய புட்டியில் கோர்சலெத்தும் இல்லை, கோத் து பீயும் இல்லை. ஈஸ்ட் பாக்கெட் எப்படி எல்லா ஊர் ஒயினையும் வாழைப்பழமாக்கியதோ, அப்படியே எலியும் எல்லா ஊரையும் ஒரே பொந்தாக்கிவிடுகிறது. நிலம் பேசவேண்டும் என்பதற்காகக் கந்தகத்தை விட்டவர்கள், நிலத்தின் வாயை எலி அடைக்கும்போது என்ன செய்வது?

19 பிப்ரவரி 2024, காலை 8.00

சுண்ணாம்பு உவமையைப் பற்றி ஒருவர் சரியாகக் குட்டியிருக்கிறார். கலயத்துச் சுண்ணாம்பு நொதித்தலையே நிறுத்திவிடுகிறது. வழக்கமான அளவில் சேர்க்கும் கந்தகம் நொதித்தலை நிறுத்துவதில்லை, பாக்டீரியாக்களையும் வலுவற்ற காட்டு ஈஸ்டுகளையும் ஒதுக்கி, தாக்குப்பிடிக்கும் ஈஸ்டுக்கு வழிவிடுகிறது. சுண்ணாம்பு புளிப்பு ஏறவிடாமல் வேலை செய்கிறது. கந்தகமோ புளிப்பு இருக்கும்போதுதான் வலுவாக வேலை செய்கிறது. ஏறத்தாழ நேர் எதிர். உவமையைத் திரும்பப் பெறுகிறேன். பதநீர் நினைவை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

3 மார்ச் 2024, இரவு 9.10

"கல்லின் சுவை வேர் வழியே கோப்பைக்கு வருகிறதா?" இல்லை. வேல்ஸைச் சேர்ந்த அலெக்ஸ் மால்ட்மன் என்ற புவியியலாளர் இதைப் பல ஆண்டுகளாகப் பொறுமையாக விளக்கிவருகிறார். பாறைக்குச் சுவை கிடையாது. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த அயனிகளை. அவையும் ஒயினில் மிகச் சிறு அளவிலேயே இருக்கின்றன. நிலம் வேறு வகையில் வேலை செய்கிறது. மணல் நீரை எவ்வளவு விரைவில் வடியவிடுகிறது, கோடையில் கொடி எப்போது தாகத்தால் வளர்ச்சியை நிறுத்துகிறது, மண்ணில் தழைச்சத்து எவ்வளவு, சரிவு காலை வெயிலை வாங்குகிறதா மாலை வெயிலையா என்பவை பழத்தின் அளவையும் தோலின் தடிப்பையும் புளிப்பையும் தீர்மானிக்கின்றன. போஜொலே முழுவதும் குழி தோண்டிச் செய்த மண் ஆய்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட மண் வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய வட்டாரத்துக்கு அது வியப்பான எண்ணிக்கை. 2018இல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது.

இதை எழுதும்போதே எனக்கு நெருடுகிற மூன்று செய்திகளையும் எழுதிவிடுகிறேன்.

கொடியின் வேர் இந்த ஊருடையது அன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கும் என்று போஜொலே விவசாயிகளிடம் மன்றாடியவர் ஷிரூப்ல் ஊரைச் சேர்ந்த விக்தோர் புலியா. அன்றிலிருந்து இந்தத் "தூய" நிலத்தின் சாற்றை உறிஞ்சுவது அமெரிக்க வேர்.

அடுத்தது செம்பு. பூஞ்சைக்கு எதிராக அங்கக விவசாயிக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து செம்புச் சேர்மம். ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ வரை. இலையில் விழுந்த செம்பு மழையில் கழுவப்பட்டு மண்ணில் தங்குகிறது, அழிவதில்லை. என் ஊரான வில்பிரான்ஷில் வெர்மொரெல் என்பவர் முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான்களைச் செய்து உலகெங்கும் விற்றார். நிலத்தியல்பைக் காப்பதாகச் சொல்பவர்களின் நிலத்தில் நூறாண்டுச் செம்பு கிடக்கிறது. இதைக் குறித்து அந்தக் குடும்பத்தின் மகளிடம் கேட்டேன். தோட்டத்தை இப்போது நடத்துவது அவர்தான். மறைக்காமல், தமக்கும் அது தூக்கம் கெடுக்கும் கணக்குதான் என்றார்.

கடைசியாக ஈஸ்ட். தோட்டத்திலிருந்து பழத்தோலில் வந்து நொதிக்கவைப்பதாக நாம் கற்பனை செய்யும் அந்த வலிய ஈஸ்ட், நல்ல பழத்தின் தோலில் மிக அரிதாகவே இருக்கும். களஞ்சியத்தின் சுவர், தொட்டி, பிழிபொறி ஆகியவற்றில்தான் குடியிருக்கிறது. ஆகவே மண்ணின் குரல் என்று நாம் கேட்பதில் கொஞ்சம் அந்த வீட்டின் குரல்.

இந்த மூன்றையும் எதிரிகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று சிலர் வருந்தலாம். எனக்கு வருத்தமில்லை. மூட்டைக்குள் கைப்பழக்கமும் உண்டு என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன்.

20 மே 2024, இரவு 8.45

மழை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்தேன். அடிச்சாம்பல் நோயின் எண்ணெய்ப் புள்ளிகள் இலைகளில் தெரியத் தொடங்கிவிட்டன. செம்பைத் தெளித்தால் அன்றிரவே மழை கழுவுகிறது. மேலே எழுதிய 28 கிலோ கணக்கு அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது.

22 செப்டம்பர் 2024, இரவு 10.30

மூன்றாவது அறுவடை. எனக்கு வயது ஏறியிருக்கிறது, கொடி மட்டும் அதே முழங்கால் உயரத்தில் இருக்கிறது. குலைகள் குறைவு, இருப்பவற்றிலும் பாதி நோய் தீண்டிக் காய்ந்தவை. 2021இன் குப்பை வாளி மீண்டும் வந்துவிட்டது.

நண்பகல் உணவின்போது அந்தக் குடும்பத்தின் மகள் அறிவித்தார்: இந்த ஆண்டு கந்தகம் சேர்க்காத புட்டி கிடையாது, எல்லாவற்றுக்கும் அடைக்கும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம். மூத்தவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ஷோவே இருந்திருந்தால் முதலில் பழத்தைப் பார்த்திருப்பார், பிறகுதான் பேசியிருப்பார் என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். வழக்கமாக இந்த முடிவைத் தோல்வியாகப் பேசும் இளைஞர் ஒருவர் அறுவடைக் கூட்டத்தில் இருந்தார். மிகவும் உறுதியானவர், கைப்பேசியில் சாசனத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். மகள் அவரிடம் சுழியம் என்பதை வாக்குறுதியாக விற்றுவிட்டால், மழை பெய்த ஆண்டில் வாடிக்கையாளருக்கு எலியைத்தான் தரமுடியும் என்றார். லபியர் வீட்டிலும் இரண்டு வகை உண்டு: சிறிது கந்தகம் சேர்த்ததற்கு "எஸ்", சேர்க்காததற்கு "என்" என்ற எழுத்து அட்டையில் இருக்கும். தொடங்கிவைத்தவர்களே இரண்டு கதவுகளையும் திறந்துவைத்திருக்க, பின்னால் வந்தவர்கள் ஒன்றைப் பூட்டவேண்டும் என்பது ஏன் என்று விளங்கவில்லை.

இதை நான் சொல்வதில் பழைய எரிச்சல் கலந்திருக்கிறது என்பதையும் பதிந்துவைக்கிறேன். 12 புட்டிகளின் விலை இன்னும் நினைவில் இருக்கிறது.

23 செப்டம்பர் 2024, காலை 6.30

மகள் இதைக் கேட்டால் கோபிப்பார்: அவர் 2022இன் அந்த எலிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாற்றாக 2021 கோர்சலெத் தந்தார். பிப்ரவரியில் குறை சொன்ன சூட்டில் இதை எழுத மறந்துவிட்டேன்.

21 நவம்பர் 2024, இரவு 9.55

இன்று நவம்பர் மூன்றாம் வியாழன். ஊரெல்லாம் புது போஜொலே, இந்த ஆண்டு அறுவடையின் இளம் ஒயின். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

கேள்வி கேட்டவர், மோர்கொன் வாங்கினால் எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று இப்போது கேட்டிருக்கிறார். பிப்ரவரியில் பேசிய அதே நபரா என்று இரண்டு முறை பார்த்தேன். நல்ல ஆண்டின் கோத் து பீ பத்து ஆண்டு தாங்கும். முதிரும்போது கமேயின் சிறு பழ வாசம் குறைந்து, கனிந்த செர்ரியும் கிர்ஷ் சாராயமும் கலந்த மணம் எழும். அதைச் சொல்ல இங்கே ஊர்ப்பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள்: ஒயின் "மோர்கொன்னுகிறது" என்பார்கள். விற்பனைக்காக ஒரு பெயரைச் சூட்டலாம். வினைச்சொல் ஆவதற்குப் பல தலைமுறைகள் குடித்திருக்கவேண்டும். ஆனால், கந்தகம் சேர்க்காத புட்டியை வாங்கினால் 14 பாகைக்கு மேல் சூடேறாத இடத்தில் வைக்கவும். சென்னை வீட்டு அலமாரியில் அது மோர்கொன்னாது, மோராகிவிடும்.

இன்றிரவு என் மேசையில் இரண்டு புட்டிகள்: இரண்டும் அதே வீடு, இரண்டும் 2023, இரண்டும் கோத் து பீ. ஒன்றில் 20 மில்லிகிராம் சேர்த்தது, மற்றதில் சேர்க்காதது. பிப்ரவரியில் எழுதியதன்படி நான் முதலாவதை விரும்பவேண்டும். முதலாவது ஒழுங்காக இருக்கிறது, இடம் தெரிகிறது, துவர்ப்பு தெளிவாக இருக்கிறது, நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பலாம். இரண்டாவது திறந்த உடனே அறை முழுவதும் மணக்கிறது. நசுங்கிய ரோஜா, பிழிபொறியருகே நின்ற அந்த மாலை, பரதீ. அதிலும் அதே குன்று தெரிகிறது, இன்னும் அருகில். என் மகள் அட்டைகளை மறைத்துவைத்து ஊற்றினாள். இரண்டையும் கோத் து பீ என்றே சொன்னேன். எது பிடித்தது என்று கேட்டபோது சேர்க்காததைக் காட்டிவிட்டேன்.

இரண்டிலும் பாதியை மிச்சம் வைத்துத் தக்கையால் மூடியிருக்கிறேன். ஆப்ப சோடா டப்பா பக்கத்தில் இருக்கிறது.

22 நவம்பர் 2024, இரவு 8.20

எலி வரவில்லை. மூன்றாம் நாளுக்கும் சோதிக்கலாம் என்றிருந்தேன். சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை.